ஃப்ளாஸ்க் மூடி

தொண்ணூற்று நாலு, மே மாதம், கத்திரி.
டர்பனிலிருந்து வந்து நின்றது கப்பல்.
என் டேலி புத்தகத்தில் அந்த ஊரை
அதுவரை நான் எழுதியதே இல்லை.
துபாய் போய்வந்த மச்சானின் பழைய பாஸ்போர்ட்டில்
அந்த ஒரு நாட்டுக்குச் செல்லாது என்று இருக்கும்.
ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.
போக யாரிடம் காசு இருந்தது.

காகிதக்கூழ். பேல் பேலாக.
ஸ்லிங் இறங்க இறங்கக் கோடு போட்டேன்,
நாலு நேராக, ஐந்தாவது குறுக்கே.
வின்ச் பக்கம் நின்றவன் பெயர் போங்கின்கோசி.
எங்கள் ஆட்கள் முதலில் பொங்கி என்றார்கள்,
மத்தியானத்துக்குள் பொங்கல் ஆக்கிவிட்டார்கள்.
அதற்கும் திரும்பிப் பார்த்தான்.
நாற்பத்தாறு வயது.
போன மாதம்தான் முதல் ஓட்டாம்.
கையை நீட்டிக் காட்டினான். மை இல்லை.

"டுபாக்கூர்" என்றான் தேசப்பன்.
மை என்றால் கறுப்பாக இருக்கும்,
நகம் வளர்ந்து வெட்டும் வரை போகாது,
நாங்கள் அறிந்த ஜனநாயகம் அதுதான்.
எங்கள் ஊர் மை கண்ணுக்குத் தெரியாது,
ஊதா விளக்கில்தான் தெரியும் என்றான் அவன்,
கப்பல் இங்கிலீஷில்.

ஊதா விளக்கு பர்மா பஜாரில் இருந்தது,
நைனா முகம்மது கடையில், டாலர் பார்க்க.
ஷிப்ட் முடிந்து ஐந்து பேர் போனோம்.
ஷட்டரைப் பாதி இறக்கி விளக்கைப் போட்டார்.
சோப்புப் பவுடரில் துவைத்த எங்கள் சட்டைகள்
திடீரென்று வெள்ளை வெள்ளையாய் எரிந்தன.
அவன் கை மட்டும் இருட்டு.
இரண்டு வாரக் கடல், கிரீஸ், உப்பு.
நகக்கண்ணில் ஏதோ நூலிழை மாதிரி மின்னியது.
மை, என்றேன்.
மீன் செதில், என்றான் தேசப்பன்.
கள்ள நோட்டு இல்ல, கெளம்புங்கப்பா, என்றார் நைனா.

வெளியே டீ சொன்னோம்.
அவன் வரிசையைப் பற்றிப் பேசினான்.
இருட்டோடு போய் நின்றது.
அவன் அம்மா பதினேழு வருஷம்
பாத்திரம் கழுவிய வீட்டு வெள்ளைக்காரி
மடக்கு நாற்காலியோடு அவனுக்குப் பின்னால் நின்றது.
முன்னால் வாருங்கள் என்று
அவளை யாரும் கூப்பிடாதது.
பதினோரு மணி வாக்கில் ஃப்ளாஸ்க்கைத் திறந்து
டீ ஊற்றி அவனிடம் நீட்டியது.

"எதுல ஊத்தி?" என்றான் தேசப்பன்.
நான் அதை இங்கிலீஷில் சொல்லவில்லை.
"எதுல? அவ குடிக்கிற டம்ளரா,
இவனுக்குன்னு தனியா வெச்சதா?
கேளு சார்."
கேட்டேன்.

கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தான்.
நான் கேட்டு முடிப்பதற்கு முன்பே
அவனுக்குப் புரிந்திருந்தது.
"மூடி ஒன்றுதான் இருந்தது.
முதலில் நான் குடித்தேன்.
அதே மூடியில் அவள் குடிப்பாளா என்று
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது."

தேசப்பன் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
டீக்குக் காசு அவன்தான் கொடுத்தான்,
ஐந்து பேருக்கும்.

வியாசர்பாடிக்கு வால்டாக்ஸ் ரோடு வழியே நடந்தோம்.
முன்பு இங்கே ஒரு சுவர் இருந்ததாம்,
கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி.
கட்டியது வெள்ளைக்காரன்,
செலவை உள்ளே இருந்தவர்கள் தலையில் வைக்கப் பார்த்தானாம்.
சுவர் போய்விட்டது.
பஸ்ஸில் கண்டக்டர் இன்னும்
அந்த வரியைத்தான் கூவிக்கொண்டு போகிறார்.

பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் ஒரு சந்து.
கேட்டில் டு லெட் போர்டு,
மூன்று வாரமாக அதே போர்டு.
தேசப்பன் போய்க் கேட்டபோது
நேத்தே விட்டாச்சே என்றார்களாம்.
"நீ போய்க் கேளு சார், நான் இங்க நிக்கறேன்."

போனேன்.
என் பெயரைக் கேட்டார்கள்,
அப்பா பெயரைக் கேட்டார்கள்,
அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.
வீடு காலிதான், உட்காருங்க, என்றார்கள்.
தண்ணீர் வந்தது.
தாகமில்லாமலே குடித்தேன்.
எவர்சில்வர் டம்ளர்,
உதடு படுகிற ஓரத்துக்குக் கீழே
அந்த வீட்டுப் பெயர் வெட்டியிருந்தது.